இடது விளக்கு மட்டும்

"அப்பா, நம்ம லைட்டு அந்த மாட்டுக்கும் வழி காட்டுதா, இல்ல கண்ணக் குத்துதா?"

தினேஸ்வரி ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. கோப்பெங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தோட்டத்துச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடுச்சாலையில் ஒரு பசு, கார் வெளிச்சத்தையே பார்த்தபடி அசையாமல் நின்றது. ராமையா ஹார்னை அழுத்திக்கொண்டே, "மாட்டுக்கு என்னம்மா தெரியும், ஒழுங்கா ஒக்காரு" என்றார். கேள்வி அதோடு போயிற்று. இன்று தினேஸ்வரி லூமுட்டில் பள்ளி ஆசிரியை. அவள் மகனே அந்த வயதைத் தாண்டிவிட்டான். கேட்டவள் மறந்துவிட்டாள். கேட்கப்பட்டவரும் மறந்துதான் இருந்தார், இந்த ஆண்டு மழைக்காலம் வரை.

ராமையா பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்கு ஒரே வேலைதான். மனைவி விமலாவை வாரம் மூன்று நாள் ஈப்போவுக்கு ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப்போய்க் கூட்டிவருவது. காலை நேரத்து இடங்கள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. விமலாவுக்குக் கிடைத்தது பிற்பகல் இடம். அதுவும் யாரோ ஒருவர் கண் மூடியதால் கிடைத்தது. முடித்துக்கொண்டு கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிடும். கோப்பெங் தாண்டும்வரை தெருவிளக்கு உண்டு. அதற்கப்புறம் தோட்டத்துச் சாலை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. ஓலைகள் இரண்டு பக்கமும் கவிந்திருப்பதால் நிலா காய்ந்தாலும் தரைக்கு வராது. சாலையின் கடைசியில், பழைய தொழிலாளர் லயங்கள் இருந்த மேட்டில், கொஞ்சம் வீடுகளும் ஒரு முனீஸ்வரர் கோயிலும் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமைதோறும் ராமையா காரைக் கழுவுவார். கோயிலில் ஓமம் வளர்த்த சாம்பலைச் சலித்து, பால்மாவு டின் ஒன்றில் வைத்திருந்தார். பழைய சந்தனத்தையும் சாம்பலையும் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, இரண்டு முன்விளக்குகளிலும் புதிதாகப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பார். விமலா நோயில் விழுந்த பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் போதவில்லை. ஈப்போவுக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் துடைத்தார், பூசினார், கும்பிட்டார். வழி தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் வேண்டிக்கொண்டதில்லை.

ஆனால் வழி நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. மழை தூறிய ஒரு மாலை, தோட்டத்தில் குலை வெட்டும் வங்கதேசத் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் எதிரே வந்தார். காருக்கு முன்னால் அவர் முளைத்தது போலத்தான் இருந்தது. ராமையா ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் புல்லில் ஏறி நின்றது. அந்த மனிதர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கையை உயர்த்தி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டினாரா, பரவாயில்லை என்றாரா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் விமலா சொன்னார்.

"இனிமே இருட்டுல நான் வரலைங்க."

"வராட்டி? எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"குடுக்கட்டும். ஒருத்தர் உசுர எடுத்துட்டு எனக்கு ரத்தம் சுத்தமாகி என்ன பண்றது?"

முன்பு வெள்ளத்தில் பாலம் மூழ்கியபோது ஒரே ஒரு முறை போக முடியாமல் போயிற்று. விமலாவின் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். அதை இன்னொரு முறை பார்க்க ராமையாவுக்குத் தெம்பில்லை.

"லைட்ட மாத்துறேன். பகல் மாதிரி ஆக்கிடுறேன். அதுக்கப்புறம் வருவியா?"

"பாப்போம்" என்றார் விமலா.

ஈப்போவில் கார் சாமான் கடை வைத்திருந்த சதாசிவம் முன்விளக்குகளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, பல்பு நல்லாத்தான் இருக்கு. இந்தக் கவரப் பாருங்க, பழைய பாட்டில் மாதிரி மஞ்சளாயிருச்சு. உள்ளேருந்து வெளிச்சம் எப்படி வரும்? மொதல்ல இத தேச்சு பாலிஷ் போடலாம்."

பல்பு கேட்டு வந்தவனிடம் பாலிஷ் விற்கப் பார்க்கிறான் என்று ராமையா நினைத்தார். கடைக்காரர்கள் எல்லாரையும் பற்றி அவர் அப்படித்தான் நினைப்பார்.

"பாலிஷ் எல்லாம் கல்யாணக் காருக்குப் போடு தம்பி. எனக்குப் பல்பு போதும். அதோ அந்த வெள்ளை பல்பு. இருக்கிறதுலயே நல்லா அடிக்கிறது எது?"

"அது இந்த வண்டிக்குச் சரியா வராதுண்ணே. வெளிச்சம் கண்டபடி செதறும். எதிர்ல வர்றவன் ஒங்க பரம்பரையவே திட்டுவான்லா."

"திட்டுனா என் காதுலயா விழப்போவுது? கண்ணாடிய ஏத்தி விட்டுருக்கேன்."

சதாசிவம் சிரித்துவிட்டு, கேட்டதையே மாட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை ராமையா ஏமாந்து போனார். வெளிச்சம் இருந்தது, ஏராளமாக இருந்தது. செம்பனை உச்சிகளெல்லாம் பளீரென்று தெரிந்தன. மழைத் துளிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. தெரிய வேண்டிய சாலைதான் பால் ஊற்றியது போல வெளுத்துக் கிடந்தது. எதிரே வந்த லாரி இரண்டு முறை விளக்கை அடித்துக் காட்டியது. ஒரு கார் நீளமாக ஹார்ன் அடித்தது.

"ஒரிஜினல்னு சொல்லிப் போலியக் கட்டிட்டான்" என்றார் ராமையா.

"அவருதான் இது வேணாம்னாருன்னு நீங்களே சொன்னீங்க?"

"அதுதான் தந்திரம் விமலா. வேணாம்னு சொன்னாத்தான் நாம வேணும்போம்."

தோட்டத்துச் சாலையில் கால்வாய் மேல் உள்ள மதகுக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் எதிரே வந்தது. அதன் ஒற்றை விளக்கு கொஞ்சம் ஆடியது, ஓரத்துக்கு ஒதுங்கியது, கடந்து போயிற்று. "குடிச்சிட்டு ஓட்டுறான் பாரு" என்று ராமையா முணுமுணுத்தார்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. பிற்பகல் தூக்கத்தில் இருந்து எழுந்து வந்த ராமையா காரைப் பார்த்துத் திகைத்து நின்றார். இடது விளக்கு மட்டும் தெளிந்திருந்தது. உள்ளே இருக்கும் பல்பு, வெள்ளித் தகடு, எல்லாம் கண்ணாடித் தொட்டி மீன் போலத் தெரிந்தன. வலது விளக்கு பழையபடி மஞ்சளாகவே இருந்தது. இடது விளக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தார். குளிர்ச்சியான, புதினா போன்ற வாசனை. அதில் முந்தின நாள் போட்ட பட்டையும் பொட்டும் இல்லை.

நல்லது நடந்திருக்கிறது என்று வேறொருவர் நினைத்திருக்கலாம். ராமையாவோ புது பல்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்று பானெட்டைத் திறந்தார். இருந்தது. அப்படியென்றால் செய்வினை மருந்து. எவனோ எதையோ பூசியிருக்கிறான். சாமி பொட்டை அழித்துவிட்டுச் செய்திருக்கிறான்.

"விமலா, யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வரப்போறா?" என்றார் விமலா, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. தலை நிமிரவில்லை.

ராமையாவின் கண் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அங்கே இருப்பவன் மாயாண்டி. மனைவி இல்லாதவன். சிம்பாங் பூலாய்ப் பக்கம் பழைய கார் விற்கும் இடத்தில் இரவு ஜாகா வேலை, அதாவது காவல். மாலை இருட்டும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் கிளம்புவான். இரண்டு திருவிழாவுக்கு முன்பு கோயில் சாவி யாரிடம் இருப்பது என்று ஒரு வாக்குவாதம். சாவி ராமையாவிடம் வந்தது. பேச்சு நின்றது. ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணி காயப்போடுகிறவர்கள், முகம் பார்ப்பதில்லை.

மறுநாள் மாயாண்டி நொண்டியபடி குப்பை போட வந்தான். முழங்காலில் கட்டு. முழங்கையில் சிராய்ப்பு. ராமையா ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். சாமி பொட்டு அழிந்திருக்கிறது. வெள்ளை மருந்து. பகை உள்ள பக்கத்து வீடு. இப்போது கால் கட்டு. வேலி தாண்டிக் குதித்தால் வேறு எங்கே அடிபடும்?

எல்லாம் பொருந்தியது. தவறான கணக்கும் சில சமயம் மிச்சமில்லாமல் பொருந்திவிடுகிறது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டும் பத்துமலை சுண்டலை வாயில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"ராமையாண்ணே, ஒங்க காரு ஒத்தக் கண்ணு ஆயிருச்சாமே? திருட வந்தவன் கழுவி வச்சிட்டுப் போனானா? என் வீட்டுக்கும் ஒரு நாள் வரச் சொல்லுங்க. சட்டி பானை நெறைய கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ராமையா சிரிக்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க. நம்ம மேட்டுல வேலி தாண்டுற ஆளு ஒருத்தன் இருக்கான். சாமி பொட்டையே அழிக்கிறவன். கால் ஒடிஞ்சும் புத்தி வரல."

முற்றத்தில் கால் கட்டோடு இருந்தவன் ஒருவன்தான். மாயாண்டி கையில் இருந்த சுண்டல் இலையைப் பார்த்தான். மடித்தான். பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய்விட்டான். குற்றம் இல்லாதவன் ஏன் பேசாமல் போகிறான் என்று ராமையா கேட்டார்.

அதற்குப் பிறகு ராமையா பிற்பகலில் தூங்குவதுபோல் படுத்திருந்தாரே தவிர, தூங்கவில்லை. ஒரு நாள் வெளியே கேட் மெதுவாகத் திறக்கும் சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் பார்த்தார்.

காரின் வலது விளக்குக்கு முன்னால் மாயாண்டி, அடிபட்ட காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் விமலா ஒரு குவளைத் தண்ணீரோடு நின்றார்.

ஊரைச் சந்தேகப்பட்டது ஒன்றும் பெரிதில்லை. தன் வீட்டுக்குள்ளேயே தன்னை மறைத்து ஒன்று நடக்கிறது என்பதுதான் ராமையாவால் தாங்க முடியாததாக இருந்தது. கதவை அறைந்து திறந்தார்.

"என்னடா பண்ற என் வண்டிய?"

மாயாண்டி திடுக்கிட்டு எழப்பார்த்தான், முடியவில்லை. கையில் நனைந்த உப்புத்தாள். தரையில் ஒரு பழைய துணியும், பிதுக்கிய பற்பசைக் குழலும். அவன் விமலாவைத்தான் பார்த்தான்.

"நான் சொன்னேன்லக்கா, அண்ணன் முழிச்சுக்குவாருன்னு."

"கத்தாதீங்க" என்றார் விமலா. "போன தடவ நீங்க உள்ள இருமுனீங்க. பாவம், பாதியில விட்டுட்டு ஓடிட்டாரு. அதான் ஒரு கண்ணு மட்டும் தெளிஞ்சிருக்கு."

"வேலி தாண்டி வந்து..."

"வேலியா? கேட்டத் தொறந்து விட்டதே நாந்தான்."

"அப்ப அந்தக் காலு?"

மாயாண்டி துணியை எடுத்துப் பிழிந்தான். விமலாதான் பதில் சொன்னார்.

"மதகு கிட்ட ஒரு மோட்டார் சைக்கிள் ஒதுங்குச்சே. குடிச்சிட்டு ஓட்டுறான்னு சொன்னீங்களே. நாம தாண்டுன பெறகு லோங்காங் கால்வாய்ல விழுந்திருக்காரு."

ராமையா அந்த முழங்கால் கட்டைப் பார்த்தார்.

"மறுநா நீங்க பசாருக்குப் போனப்ப கேட்டுல வந்து நின்னாரு. நான் கூட சண்டைக்கு வர்றாருன்னுதான் நெனச்சேன். 'அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியே'ன்னு கேக்குறாரு."

"எனக்கே ஒண்ணும் தெரியலண்ணே" என்றான் மாயாண்டி, தரையைப் பார்த்தபடி. "பூராவும் வெள்ளையா இருந்துச்சு. அப்பதான் நெனச்சேன், உள்ள ஒக்காந்து ஓட்டுற ஒங்களுக்கு மட்டும் என்ன தெரியப்போவுதுன்னு. அக்கா வேற உள்ள இருக்காங்க. எங்க கார் யார்டுல விக்கிறதுக்கு முன்னால பையனுங்க இப்படித்தான் கெர்த்தாஸ் பாசிர், இந்த உப்புத்தாள் போட்டுத் தேப்பானுங்க. பாத்துருக்கேன்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கேப்பீங்களா?"

பேச்சை மாற்ற, ராமையா குனிந்து வலது விளக்கைப் பார்த்தார். "வெயில்ல இப்படி ஆயிருச்சு போல."

"வெயில் பாதிண்ணே."

"மீதி?"

மாயாண்டி தயங்கினான். "சாமி விஷயம். நான் வாயத் தொறந்தா மறுபடியும் சாவி கதை ஆயிரும்."

ராமையா இன்னும் அருகில் போய்ப் பார்த்தார். மஞ்சள் படிந்த அந்த விளக்கின் மேல் மெல்லிய கீறல்கள், வட்ட வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாக. அவர் தம் வலது கையைத் தூக்கி, வட்டத்தின் மேல் வைத்து ஒரு முறை சுற்றினார். கை தானாகவே அதே வழியில் போயிற்று. ஆண்டுக்கணக்கில் போன வழி அது. ஓமகுண்டத்துச் சாம்பலில் நெருநெருவென்று இருக்கும் பொடிமணல் அவர் விரலுக்கு நினைவு வந்தது. அதைத்தான் துண்டால் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார்.

வழி கேட்டுக் கும்பிட்ட அதே கை, வழியை மறைத்துக்கொண்டிருந்தது. அதில் சாமியின் குற்றம் ஒன்றும் இல்லை. பக்தியின் குற்றமும் இல்லை. அருகில் இருப்பவன் சொல்லக்கூடிய ஒரு சின்ன விஷயம்தான். சொல்ல முடியாத இடத்தில் அவனை நிறுத்தி வைத்ததுதான் குற்றம்.

மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகள் ராமையாவுக்குப் பழக்கமில்லை. "விமலா, மாயாண்டிக்குக் கோப்பி போட்டியா?" என்றார்.

"நீங்க போடுங்க. எனக்கு ஊசி போட்ட கை வலிக்குது."

அவரே போட்டார். கலக்கும்போதுகூடப் பழைய மனம் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு செய்கிறவனுக்கு ஏதாவது வேண்டியிருக்கும், சாவியைக் கேட்பான் என்றது. மாயாண்டி வலது விளக்கையும் தேய்த்துத் தெளிய வைத்தான். அதன் மேல் மெழுகு பூசினான். இனி மெழுகைத் தவிர எதையும் இதில் தேய்க்க வேண்டாம் என்றான். கோப்பியைக் குடித்தான். "சீனி கொஞ்சம் தூக்கல்ணே" என்றான். கோப்பையைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போய்விட்டான்.

அடுத்த முறை ஈப்போ போனபோது ராமையா சதாசிவத்தின் கடையில் நின்றார். வெள்ளை பல்புகளைக் கழற்றிவிட்டு, அந்த வண்டிக்கென்றே உள்ள நல்ல பல்புகளைப் போடச் சொன்னார். சதாசிவம் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கின் திருகாணியைத் திருப்பி, வெளிச்சம் சுவரில் விழும் கோட்டைக் கீழே இறக்கினார்.

"கவர் சூப்பரா இருக்கேண்ணே. பாலிஷ் யாரு போட்டா?"

"என் பக்கத்து வீட்டுத் தம்பி" என்றார் ராமையா. அப்படிச் சொல்வது நாக்குக்குப் புதிதாக இருந்தது.

அன்று மாலை தோட்டத்துச் சாலை தெளிவாகத் தெரிந்தது. பகல் மாதிரி இல்லை. ஆனால் சாலையின் ஓரம் எது, புல் எது, குழி எது என்று பார்க்க முடிந்தது. சைக்கிளில் வந்த வங்கதேசத் தொழிலாளி தொலைவிலேயே தெரிந்தார். ராமையா வேகத்தைக் குறைத்தார். சைக்கிள்காரர் கையை உயர்த்திவிட்டுப் போனார். விமலா தூங்கிவிட்டிருந்தார். அந்தச் சாலையில் அவர் கண் அயர்ந்தது அதுதான் முதல் தடவை.

மதகு வந்தது. ஓரத்தில் தடுப்பு ஒன்றும் இல்லை. புல் ஒரு பக்கம் நசுங்கிச் சரிந்து கிடந்தது. லோங்காங் ஓர் ஆள் ஆழம். சரிந்த புல்லில் ஏதோ ஒன்று பளிச்சென்று மின்னி மறைந்தது.

மகள் கேட்ட கேள்வி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அதற்கடுத்த முறை ஈப்போ போய் வந்த மறுநாள் காலை மாயாண்டி வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். ராமையா இரண்டு மரக்கட்டைகளையும் சுத்தியலையும் ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு மதகுக்கு நடந்தார். சட்டைப் பையில் சதாசிவம் கடையில் வாங்கிய சிவப்புப் பிரதிபலிப்பு வில்லைகள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று வரும் சத்தம் கேட்டதும் மரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். பத்துமலையின் லாரியாக இருந்தால் மேடு முழுவதும் தெரிந்துவிடும். லாரி போன பிறகு, மதகின் இரண்டு ஓரத்திலும் கட்டைகளை அடித்து இறக்கினார். அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

சரிந்த புல்லில் மின்னியது மோட்டார் சைக்கிள் கண்ணாடியின் ஒரு சில்லு. இன்னொருவர் காலில் குத்தாமல் இருக்க அதை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

வில்லைகளைக் கட்டையில் பதிக்கும் முன்பு கொஞ்சம் யோசித்தார். ஈப்போவிலிருந்து வரும் பக்கம் பார்த்து வைத்தால் அவர் காருக்குத் தெரியும். மேட்டிலிருந்து இறங்கி வரும் பக்கம் பார்த்து வைத்தால் வேலைக்குப் போகிறவனுக்குத் தெரியும். மேட்டைப் பார்த்தே இரண்டையும் பதித்தார். பிறகு சாலையில் சற்றுத் தூரம் நடந்துபோய், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தவனின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். ஒரு கட்டை லேசாகச் சாய்ந்திருந்தது. திரும்பிப் போய் அதை நிமிர்த்தினார்.